வண்டல் அடிக்கும் முன்: கொல்லைச் செம்மண்ணைத் திருத்துவோர் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு டிப்பர் லாரி கண்மாய் வண்டலைக் கொட்டிவிட்டுப் போனது. புதிதாகத் தோட்டம் போட ஆசைப்படும் இளம் தம்பதி. அந்தக் கறுப்பு மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்து அவர்கள் பூரித்ததைக் கண்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 12 ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் நின்றேன். அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். எவ்வளவு தண்ணீர் விடுவது, எத்தனை மணி நேரம் வெயில் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, விட்டுவிடுகிறேன்.

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துக் கொல்லைகளில் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். மழை பெய்து காய்ந்தால் மேலே ஓடுபோல் இறுகும். பல இடங்களில் ஓர் அடி தோண்டுவதற்குள் கடப்பாரை செம்பாறையில் மோதித் துள்ளும். மக்கு, அதாவது மக்கிப்போன இலைதழை, மிகக் குறைவு என்பதால் விட்ட தண்ணீரும் போட்ட உரமும் தங்குவதில்லை. இதைப் பார்த்து மனம் உடைந்துபோய்த்தான் எல்லோரும் லாரிக்காரருக்குப் போன் செய்கிறார்கள்.

வண்டலை மேலே பரப்பிவிட்டு நட்டுவிடுவது

என் கொல்லை 20 அடிக்கு 30 அடி. மூன்று யூனிட் வண்டல் வாங்கினேன். யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் 300 கன அடி. பரப்பியபோது அரை அடி உயரம் வந்தது. கட்டிகளை உடைத்து மட்டம் தட்டி, கத்தரியும் தக்காளியும் நட்டு, ஓரத்தில் நான்கு முருங்கைப் போத்து ஊன்றினேன். புரட்டாசி முடிய எல்லாம் பச்சைப் பசேலென்று நின்றன.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நான்காம் நாள் கொல்லையில் கால் வைத்தால் கணுக்கால்வரை புதைந்தது. மழை விட்டு ஐந்து நாளாகியும் சொதசொதவென்றே கிடந்தது. வாடிய கத்தரி ஒன்றைப் பிடித்து இழுத்தேன். எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்தது. பழுப்பேறிய வேரில் தோல் வழுக்கிக்கொண்டு உரிந்தது, சாக்கடை வாடை அடித்தது. முருங்கைப் போத்துகள் அடியோடு அழுகியிருந்தன. அந்த இடத்திலேயே கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். மேலே அரை அடி சேறு. அதற்குக் கீழே இருந்த செம்மண்ணோ கையில் ஒட்டாமல் உதிர்ந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. வண்டலின் துகள்கள் மிக நுண்மையானவை. அவற்றுக்கு இடையிலுள்ள சின்னத் துளைகள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். சரளையின் துளைகள் பெரியவை. சின்னத் துளையில் பிடிபட்ட தண்ணீர் பெரிய துளைக்குள் லேசில் இறங்காது. மேலடுக்கு முழுதும் நிறைந்து தளும்பிய பிறகுதான் கீழே கசியத் தொடங்கும். நனைந்த பஞ்சைக் கூழாங்கல் குவியலின் மேல் வைத்துப் பாருங்கள், தண்ணீர் பஞ்சிலேயே நிற்கும். போதாக்குறைக்கு என் கொல்லையின் பழைய மேலோடு இறுகிக் கிடந்தது. அதன்மேல் லாரிச் சக்கரமும் ஏறி இறங்கியிருந்தது. நான் அதைக் கொத்தவே இல்லை.

பங்குனியில் அடுத்த அடி விழுந்தது. அதே வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் முழுதும் போனது. தப்பிய செடிகளின் சல்லிவேர்கள் அறுந்து, இரு பக்கத்து விளிம்பிலும் நூல் நூலாகத் தொங்கின. சுவருக்கு அப்பால் நின்று பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார்: “அரிசி மாவையும் உளுந்து மாவையும் கலக்காமல் ஊற்றினால் இட்லி வருமா, தம்பி?”

வண்டலுக்கும் லாரிக்கும் கொடுத்ததைவிட, அதையெல்லாம் மறுபடி வெட்டிப் புரட்டக் கொடுத்த கூலி அதிகம். இரண்டு பருவம் வீணானது. வண்டல் அடித்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிற ஒருவர்கூட முதலில் கொத்துங்கள் என்று சொல்வதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். கோடை மழை ஒன்று பெய்து மண் நெகிழ்ந்ததும் ஓர் அடி ஆழத்துக்குக் கொத்துங்கள். வண்டலைக் காயவைத்துத் தூளாக்கி, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் இடுங்கள். என் 600 சதுர அடிக்கு அது ஒரே ஒரு யூனிட். அதோடு ஓர் அங்குலம் மக்கிய தொழு உரம். கறுப்பும் சிவப்பும் தனித்தனியாகத் தெரியாத அளவுக்குப் புரட்டுங்கள். பிறகு சணப்பு என்னும் பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பூக்கும் தறுவாயில், ஏறக்குறைய 45 நாளில் வெட்டி மண்ணுக்குள் மடக்குங்கள். அது மக்க இரண்டு வாரமாவது விட்டு நடுங்கள்.

இடிந்த வீட்டுக் காரையைப் புதைப்பது

பழைய வீடுகள் இடிபடும் ஊர்கள் இவை. சுவரிலிருந்து உதிர்ந்த காரையைப் பள்ளம் மேவக் கொல்லையில் கொட்டிவிடுகிறார்கள். அது சுண்ணாம்பு. மண்ணில் காரத்தன்மை ஏறிவிட்டால், இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது. அந்த மண்ணிலேயே நின்றுகொண்டு ஓர் எலுமிச்சைக் கன்று இரும்புச்சத்து இல்லாமல் வெளிறியதைப் பார்த்திருக்கிறேன். கொழுந்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. தோண்டும்போது வெள்ளைத் துண்டுகள் அகப்பட்டால் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. பொறுக்கி வெளியே போடுங்கள்.

நார்க்கழிவை அப்படியே கலப்பது

மக்காத தென்னை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 100 பங்குக்கு மேல் கரிமம் (கார்பன்) இருக்கிறது. அதைத் தின்று மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித் தருகிறது. அப்படி மக்கியதை மட்டும் கலக்குங்கள்.

பச்சைச் சாணம்

கறையான் வரும். மக்கவிடுங்கள்.

சருகைக் கூட்டிக் கொளுத்துவது

வேண்டவே வேண்டாம். வேம்பும் மாவும் உதிர்ப்பது உங்கள் மண்ணுக்குச் சேர வேண்டிய மக்கு.

ஈரப் பாத்தியை மிதிப்பது

மழை விட்ட மறுநாள் இறங்காதீர்கள்.

குழி பார்க்காமல் மரம் வைப்பது

ஓர் அடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி, முழுதும் வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, குச்சி ஒன்றை நட்டு நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமோ இரண்டோ இறங்கினால் நல்லது. அசையாமல் நின்றால் அடியில் பாறையோ இறுகிய தளமோ இருக்கிறது. அங்கே மரத்தை மறந்துவிட்டு மேட்டுப்பாத்தி கட்டுங்கள்.

தெருக்கோடித் தம்பதி நேற்று மாலை இதைச் செய்தார்கள். கோட்டிலிருந்து அரை அங்குலம்தான் இறங்கியிருந்தது. வாசலில் கிடக்கும் வண்டலை இன்னும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கடப்பாரையோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.