பாத்ரூம், பேஸ்மென்ட் புதுப்பிக்கிறீர்களா? மூடும் முன் சோதித்துவிடுங்கள்

பழைய வீட்டில் கை வைக்கிற பலரும் முதலில் போய் நிற்பது டைல்ஸ் கடையில்தான். நானும் அப்படித்தான் நின்றேன். நிறம், அளவு, பளபளப்பு என்று இரண்டு வாரம் ஓடியது. டைல்ஸுக்குப் பின்னால் போகிற குழாயைப் பற்றி இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆறே மாதத்தில் கீழ் அறைக் கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை வந்தது. ஆசை ஆசையாக ஒட்டிய டைல்ஸில் பாதியை நானே உளி வைத்துப் பெயர்த்தேன். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் கறை கற்றுக்கொடுத்ததுதான்.

இடிப்பது, நீர்த்தடுப்புப் பூச்சு, டைல்ஸ் ஒட்டுவது, பெயின்ட் இதெல்லாம் பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம். மின் இணைப்பு, கழிவுக்குழாயை இடம் மாற்றுவது, சுமை தாங்கும் சுவரைத் தொடுவது மூன்றையும் உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். என்னென்ன வேலைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் முதலிலேயே உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 1: டார்ச்சும் பென்சிலும்

ஒரு நாள் முழுக்க எதையும் உடைக்காமல் வீட்டைச் சுற்றி வாருங்கள். பேஸ்மென்ட் (தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறை) சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? அது உப்பு. சுவர் வழியாக வரும் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, தான் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப் போகிறது. துடைத்தால் பொடி போகும், தண்ணீர் வரும் வழி அப்படியே இருக்கும்.

தலைமுடி போல மெல்லிய நெடுக்கு விரிசல் பெரும்பாலும் கான்கிரீட் காய்ந்தபோது சுருங்கியதால் வந்தது. ஒவ்வொரு விரிசலின் முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள், வளர்கிறதா என்று தெரிந்துவிடும். கிடைமட்டமாக ஓடும் விரிசலோ, சுவர் உட்பக்கம் உப்பியிருப்பதோ வேறு விவகாரம். வெளியே மண் சுவரைத் தள்ளுகிறது என்று பொருள். அங்கே வேலையை நிறுத்திக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, கான்கிரீட் தரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் ஈரம் கோத்திருந்தால் கான்கிரீட் வழியாக வருகிறது. தாளின் மேற்பரப்பில் மட்டும் துளிகள் இருந்தால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பழைய வீடு என்றால் இன்னொரு எச்சரிக்கை. பல நாடுகளில் 1980-கள் வரை, சில இடங்களில் அதற்குப் பிறகும், தரை ஓடுகளிலும் குழாய் உறைகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தார்கள்; பெயின்ட்டில் ஈயம் இருந்தது. சந்தேகம் வந்தால் சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள். மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகு சுத்தியலை எடுங்கள். பேஸ்மென்ட்டில் ரேடான் அளவையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. மண்ணிலிருந்து கசிந்து வரும் இந்தக் கதிரியக்க வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்குள் அது ஒரு கனமீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதிகமாக இருந்தால் தளத்துக்கு அடியில் குழாய் இறக்கி, விசிறி வைத்து வெளியேற்றுவார்கள். புதுத் தரை போட்ட பிறகு அதற்காகத் தோண்டுவது பெரிய வலி.

படி 2: பேஸ்மென்ட் வேலையை வெளியே தொடங்குங்கள்

உள்ளே எத்தனை கோட்டிங் அடித்தாலும், கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தின் காலடியில் விழுந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மழைநீர்க் குழாயை நீட்டி, சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் கொட்டும்படி செய்யுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள மண்ணுக்கு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுங்கள்: முதல் பத்து அடிக்குள் ஆறு அங்குலமாவது இறங்க வேண்டும். மண்வெட்டியும் ஒரு வார இறுதியும் போதும்.

பிறகு காத்திருங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும். பேஸ்மென்ட் வறண்டு இருந்தால்தான் சுவர் மறைக்கும் வேலை. அதுவரை கை சும்மா இருக்க வேண்டியதில்லை, பாத்ரூமைப் பார்க்கலாம்.

படி 3: ஒரு நேரத்தில் ஒரே பாத்ரூம்

வீட்டில் இரண்டு பாத்ரூம் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் இடிக்கிற உற்சாகம் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் காலை ஏழு மணிக்கு அதன் அர்த்தம் புரியும்.

மெயின் வால்வை மூடி, வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்தி, டெஸ்டர் வைத்து உறுதி செய்யுங்கள். கழிப்பறைப் பீங்கானைக் கழற்றியதும் அந்த ஓட்டையில் பழந்துணியைத் திணித்து வையுங்கள். கழிவுக்குழாயின் வாயு மேலே வராது, ஸ்க்ரூவும் உள்ளே விழாது. முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம்; உடைந்த டைல் கத்தியை விடக் கூர்மை.

படி 4: குழாயும் வயரும்

சுவர் திறந்து கிடக்கிற இந்தச் சில நாட்கள்தான் பொன்னான நேரம். பழைய கால்வனைஸ்டு இரும்புக் குழாய் உள்ளுக்குள் துருப்பிடித்து அடைத்துக்கொண்டே வரும். காலையில் திறந்ததும் செந்நிறத் தண்ணீர், வர வரக் குறையும் அழுத்தம் இரண்டும் அதன் அடையாளம். மாற்றிவிடுங்கள். பாதி மாற்றிப் பாதி விடுவதாக இருந்தால், செம்பையும் இரும்பையும் நேரடியாக இணைக்கக் கூடாது. இரண்டு உலோகம் தண்ணீரில் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும், நடுவில் அதற்கென்று உள்ள பிரிப்பு இணைப்பான் வேண்டும்.

பாத்ரூம் மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

இணைப்புகள் முடிந்ததும் குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். சுவரை மூடும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், அளவு டேப்பை நீட்டிப் பிடித்தபடி. பிறகொரு நாள் கண்ணாடி மாட்ட ஓட்டை போடும்போது அந்தப் போட்டோ குழாயைக் காப்பாற்றும்.

படி 5: வாட்டமும் நீர்த்தடுப்பும்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டைல்ஸும் நடுவில் நிரப்புகிற க்ரௌட்டும் தண்ணீரைத் தடுக்காது. க்ரௌட் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். உண்மையான தடுப்பு அடியில் இருக்கும் பூச்சு. அதற்கும் முன்னால் வாட்டம்: வடிகாலை நோக்கி ஓர் அடிக்குக் கால் அங்குலம். பலர் சமதளத்தில் நீர்த்தடுப்பு அடித்துவிட்டு, அதற்கு மேல் சாந்தில் வாட்டம் கொடுக்கிறார்கள். மேலே தண்ணீர் ஓடும். கீழே இறங்கியது போக வழியின்றி அங்கேயே ஊறும். வாட்டத்தை முதலில் கொடுங்கள், பூச்சு அதன் மேல்.

மூலைகளிலும் குழாய் வெளியே வரும் இடங்களிலும் வலைத்துணிப் பட்டை வைத்துப் பூசுங்கள். கசிவு தரை நடுவில் வருவது அபூர்வம், இந்த ஓரங்களில்தான் வரும். முதல் கோட்டை ஒரு திசையில், அது காய்ந்த பிறகு இரண்டாவதைக் குறுக்காக அடியுங்கள். ஷவர் பகுதியில் சுவரிலும் ஷவர் தலைக்கு மேல்வரை ஏற்றுங்கள்.

காய்ந்ததும் வடிகாலை அடைத்து, வாசல் தடுப்பைத் தாண்டாத அளவுக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் மட்டத்தைக் குறித்துவிட்டு 24 மணி நேரம் தொடாதீர்கள். மறுநாள் மட்டம் இறங்கியிருக்கிறதா, கீழ் அறைக் கூரை நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் அன்று மிச்சம் பிடித்தது இந்த ஒரு நாளைத்தான். குழாய் வெளிவரும் இடத்தில் விரல் நுழையாத இடைவெளி ஒன்று இருந்தது, அவ்வளவே.

படி 6: டைல்ஸ்

தேவைக்கு மேல் பத்து சதவீதம், எல்லாமே ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். தொகுதி மாறினால் நிறம் லேசாக மாறும். ஒட்டும் முன் வெறுமனே அடுக்கிப் பாருங்கள். ஓரத்தில் விரல் அகலத் துண்டு வந்தால் தொடக்கக் கோட்டை நகர்த்துங்கள். ஷவர் தரைக்குச் சின்ன டைல்ஸ் வசதி: வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும், இடைக்கோடுகள் அதிகம் என்பதால் கால் வழுக்காது.

பசையைப் பல் கரணையால் ஒரே திசையில் கோடு கோடாக இழுங்கள். நாலைந்து டைல் ஒட்டியதும் ஒன்றைப் பிடுங்கிப் பின்பக்கம் பாருங்கள். ஈரமான இடத்தில் 95 சதவீதமாவது பசை படிந்திருக்க வேண்டும். ஒரு நாள் விட்டு க்ரௌட். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் க்ரௌட் வேண்டாம், அது வெடிக்கும், சிலிகான் போடுங்கள்.

எக்ஸாஸ்ட் விசிறியின் குழாய் கட்டாயம் வெளிக்காற்றில் திறக்க வேண்டும். கூரைக்கு மேலுள்ள வெற்றிடத்தில் விட்டால் பூஞ்சையை அங்கே குடியேற்றியதாகிவிடும்.

படி 7: மழைக்காலம் தாண்டிய பேஸ்மென்ட்

குளிர்ந்த கான்கிரீட் சுவரில் கண்ணாடி இழைப் பஞ்சை நேரே ஒட்டாதீர்கள். அறையின் வெதுவெதுப்பான காற்று பஞ்சு வழியாகப் போய்க் கான்கிரீட்டில் பட்டு நீராகும், பஞ்சு ஊறும், பூஞ்சை பிடிக்கும். அடர்த்தியான நுரைப் பலகையைச் சுவரோடு ஒட்டி, இணைப்புகளுக்கு டேப் போட்டு, அதற்கு முன்னால் மரச்சட்டம் நிறுத்துங்கள். தரையைத் தொடும் அடிச்சட்டம் மருந்தேற்றிய மரமாக இருக்கட்டும். ஜிப்சம் பலகையைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அடியுங்கள், இடைவெளியைச் சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும். தரைக்கு மரப்பலகை ஆசை வேண்டாம். டைல்ஸோ வினைலோ போதும்.

பேஸ்மென்ட்டில் கழிப்பறை வைப்பதானால், வெளியே போகும் கழிவுக்குழாய் உங்கள் தரையைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உயரம் என்றால் கழிவை ஏற்றிவிடும் பம்ப் இல்லாமல் வேலைக்கு ஆகாது. கழிவு திரும்பி உள்ளே ஏறாமல் தடுக்கும் வால்வும் கூடவே. படுக்கையறை ஆக்க நினைத்தால் ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் வேண்டும், புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். தண்ணீர் இறைக்கும் பம்ப் இருந்தால் அதற்கு பேட்டரி இணைப்பு கொடுங்கள். கரண்ட் போவதே பெரும்பாலும் புயல் மழையில்தான்.

கூரைக்குக் கழற்றி மாட்டும் பலகைகள் எனக்குப் பிடிக்கும், அழகு கொஞ்சம் குறைந்தாலும். மேல் பாத்ரூமின் குழாய்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சீட்டு கட்டி, எது எந்த அறைக்கு என்று அழியாத மையில் எழுதி வைத்திருக்கிறேன்.