‘எனக்கு இது வராது’ என்பதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

பெரியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பள்ளியை விட்டுப் பல வருஷம் கழித்துத் தேர்வெழுத வருகிறவர்கள் அவர்கள். முதல் நாளே பலர் சொல்வது, “எனக்கும் கணக்குக்கும் ஆகவே ஆகாது.” தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவும் அதையே சொன்னார். ஆளைப் பார்த்ததுமே எவ்வளவு துணி வேண்டும், அகலம் குறைந்தால் எத்தனை கூடுதலாக எடுக்க வேண்டும் என்று மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்கிறவர். அது கணக்குதானே என்றால், “அது கைப்பழக்கம்” என்றார். தப்பான நம்பிக்கை இப்படித்தான் பிழைக்கிறது. தனக்கு எதிரான சாட்சியை எல்லாம் வேறு பெயர் சொல்லி ஒதுக்கிவிடும்.

அதனால் அந்த நம்பிக்கையை யோசித்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். நீங்கள் நழுவுகிற இடங்களில் தேடுங்கள். ஒரு வாரம் குறித்துவையுங்கள்: எந்த வேலையை அடுத்தவரிடம் தள்ளினீர்கள், எந்த விண்ணப்பத்தைப் பாதியில் மூடினீர்கள், எந்தக் கூட்டத்தில் கேள்வி இருந்தும் கேட்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘ஏனென்றால் நான்…’ என்று தொடங்கி முடியுங்கள். வேறு வேறு விஷயங்களுக்கு ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால், அதுதான் நாம் தேடுவது. அதை முதலில் சொன்னது வாத்தியாரா, அண்ணனா என்ற ஆராய்ச்சி இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்து, என் வகுப்பில் நடத்தும் ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். 1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் செய்த சோதனை அது. 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லிச் சொல்லி அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24. அதுவும் பொருந்தும். ‘இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்’ என்று அடித்துச் சொல்வார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான். 1, 2, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தன் யூகம் உடையக்கூடிய கேள்வியைக் கேட்கத்தான் பலருக்கும் தோன்றுவதில்லை. நம்மைப் பற்றிய நம்பிக்கைகளையும் இப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.

ஆகவே, உடைக்கும் கேள்வியைக் கேளுங்கள். நழுவிய காரியங்களில் மிகச் சின்னதாக ஒன்றை எடுங்கள். செய்வதற்கு முன்பே, என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதைத் தாளில் எழுதுங்கள். கண்ணால் பார்க்கவோ எண்ணவோ கூடியதாக இருக்கட்டும். ‘ஏளனமாகப் பார்ப்பார்கள்’ என்று எழுதினால் உதவாது. 1980இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் தழும்பு வரைந்து கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு க்ரீம் பூசுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் அதை அழித்துவிட்டார்கள். அப்படியும், பேச வந்தவர் தழும்பைப் பார்த்து வித்தியாசமாக நடந்துகொண்டதாக அவர்கள் சொன்னார்கள். இல்லாத தழும்புக்கே இப்படி என்றால், அடுத்தவர் பார்வைக்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தை எப்படி நம்புவது?

பத்துக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கும் முன் தையல்காரம்மா எழுதியது இது: “பத்தில் இரண்டுகூடச் சரியாக வராது. பாதியில் எழுந்து போய்விடுவேன்.” ஆறு சரியாக வந்தது, எழுந்தும் போகவில்லை. “ஆறுதானே” என்றார். அவர் எழுதியதை எடுத்து அவரிடமே கொடுத்தேன். முன்கூட்டி எழுதச் சொல்வது இதற்காகத்தான். எழுதாவிட்டால், ஆறு வரும் என்று முன்பே எதிர்பார்த்ததாக மனசு மாற்றிச் சொல்லிவிடும்.

ஒன்றுமே சரியாக வராமலும் போகலாம். அப்போது எந்தப் படியில் தடுக்கியது என்று பாருங்கள். பின்னம் தெரியவில்லை என்றால் பின்னம் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ‘நான் இருப்பதே வீண்’ என்பது போன்ற நினைப்பு இருந்தால், தனியாக இந்தச் சோதனையில் இறங்காதீர்கள். மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்துப் பேசுங்கள்.

முதல் சோதனை நன்றாக முடிந்ததும் மனசு ஒரு சாக்குச் சொல்லும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த சோதனையை அதிலிருந்தே அமைக்கலாம். ‘நீங்கள் சுலபமான கணக்காகக் கொடுத்தீர்கள்’ என்றார் அந்த அம்மா. சரி, அடுத்த வாரத்துக்கான கணக்குகளைப் பழைய கேள்வித்தாளிலிருந்து அவரே பொறுக்கி எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.