செம்பருத்தியைப் பிரித்துப் பார்த்து மலர் சூத்திரம் எழுதுவது எப்படி?

பூக்கும் தாவரங்களின் புற அமைப்பியலைப் படிக்கத் தொடங்கும் மாணவர்களை மிரட்டுவது பெரும்பாலும் அதன் கலைச்சொற்கள்தாம். தொடு இதழமைவு, ஒருகற்றை மகரந்தத்தாள்கள், அச்சுச் சூல் ஒட்டுமுறை என்று வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டு, கையில் ஒரு செடியைக் கொடுத்ததும் எந்தச் சொல்லை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் விழிப்பவர்கள் பலர். நானும் அப்படி விழித்தவன்தான். இச்சொற்கள் ஒவ்வொன்றும் செடியிடம் நாம் கேட்கும் ஒரு கேள்விக்கான விடை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அக்கேள்விகளில் முதன்மையானது, ஓர் உறுப்பு பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதன்று, அது எங்கே அமைந்திருக்கிறது என்பதே. இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளைக் குறிகளாலும் எண்களாலும் சுருக்கி எழுதுவதே மலர் சூத்திரம்.

உறுப்புகள் பெரியவை, வெறுங்கண்ணுக்கே தெரிபவை என்பதால் இங்கே செம்பருத்தியை எடுத்துக்கொள்கிறேன். இலைகளும் மொட்டுகளும் பூவும் உள்ள ஒரு கிளை, புதிய பிளேடு, இரண்டு ஊசிகள், பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, வெள்ளைத் தாள், பென்சில் ஆகியவை போதும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஐந்து இதழ்கள் மட்டுமே உள்ள ஒற்றைச் செம்பருத்தியையே தேர்ந்தெடுக்க வேண்டும். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் (பூவின் ஆண் உறுப்புகள்) பலவும் இதழ்களைப் போல மாறியிருப்பதால், தொடக்கநிலை மாணவருக்கு எண்ணிக்கை ஒருபோதும் சரிவராது.

படி 1: வேரும் தண்டும்

இருவிதையிலைத் தாவரமாகிய செம்பருத்திக்கு ஆணிவேர் என்று எழுதுவது வழக்கம். ஆனால் தண்டுத் துண்டை நட்டு வளர்த்த செடியைப் பிடுங்கிப் பார்த்தால் ஆணிவேர் இருக்காது. தண்டிலிருந்து புறப்பட்ட வேற்றிட வேர்களே இருக்கும். விதையிலிருந்து முதலில் வரும் முளைவேரிலிருந்து வளராத எந்த வேரும் வேற்றிட வேர்தான் என்பதால் இதில் முரண்பாடு ஏதும் இல்லை.

தண்டை அடையாளம் காணக் கணுக்களையும் (இலைகள் தோன்றும் இடங்கள்) மொட்டுகளையும் தேட வேண்டும். மண்ணுக்குள் இருப்பதாலேயே ஒன்று வேர் ஆகிவிடாது. உருளைக்கிழங்கின் ‘கண்’ ஒவ்வொன்றும் ஒரு கணு. அதில் மொட்டு உண்டு. எனவே அது தண்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கில் கணுக்கள் இல்லை. எனவே அது வேர்.

படி 2: இலை எங்கே தொடங்குகிறது?

அதிகம் பேர் தவறும் இடம் இதுவே. என் முதல் செய்முறைத் தேர்வில் வேப்பிலை ஒன்றைக் கொடுத்தார்கள். நடுவில் நீண்ட காம்பு, அதன் இருபுறமும் பத்துப் பன்னிரண்டு இலைகள் என்று எண்ணி, ‘எதிரிலையமைவு கொண்ட கிளை’ என எழுதி வைத்தேன். தேர்வாளர் அதைப் படித்துவிட்டு, “மொட்டு எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

இலையொன்று தண்டுடன் சேரும் மேற்பக்கக் கோணத்தில் ஒரு கோணமொட்டு இருக்கும். வேம்பில் நான் இலைகள் என்று எண்ணியவற்றின் கோணங்களில் மொட்டே கிடையாது. அந்த நீண்ட காம்பு முழுவதும் தண்டுடன் சேரும் இடத்தில்தான் மொட்டு இருந்தது. ஆகவே அம்முழு அமைப்பும் ஒரே இலை, அதாவது கூட்டிலை. நான் எண்ணியவை அதன் சிற்றிலைகள். இதே சோதனையைச் செம்பருத்தியில் செய்தால், ஒவ்வோர் இலைத்தாளின் காம்படியிலும் மொட்டு இருப்பதால் அது தனி இலை என்பது உறுதியாகும். காம்பு தண்டைத் தொடும் இடத்தின் இருபுறமும் மெல்லிய, கூரிய இலையடிச்செதில்கள் இருக்கும். முதிர்ந்த இலைகளில் இவை உதிர்ந்திருக்கக் கூடும் என்பதால் நுனிப்பகுதியின் இளம் இலைகளில் தேடுவது நல்லது.

பிறகு ஒரு கணுவில் எத்தனை இலைகள் என்று பார்க்க வேண்டும். செம்பருத்தியில் கணுவுக்கு ஒன்று என்பதால் மாற்றிலையமைவு; எருக்கில் இரண்டு என்பதால் எதிரிலையமைவு; அரளியில் பெரும்பாலும் மூன்று என்பதால் வட்ட இலையமைவு. நரம்பமைவு வலைப்பின்னல், விளிம்பு பற்களுடையது என்று குறித்துக்கொண்டு பூவுக்குப் போகலாம்.

படி 3: பூவை வெளியிலிருந்து பார்த்தல்

பூ என்பது இனப்பெருக்கத்துக்காக மாறுபாடடைந்த ஒரு தண்டுத்தொகுதி. கணுவிடைகள் (இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) குறுகிப்போன தண்டுதான் பூத்தளம். அதன் மேல் வட்ட வட்டமாக அடுக்கப்பட்டவை மாறுபட்ட இலைகள். பூவின் உறுப்புகள் எல்லாம் இலையின் மாற்றுருவங்களே என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1790இல் எழுதினார். பூவைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்திருந்தால், வெளியிலிருந்து உள்ளே வட்டம் வட்டமாக நகர்வது இயல்பாகவே வரும்.

செம்பருத்திப் பூ இலைக்கோணத்தில் தனித்துத் தோன்றுகிறது. காம்பின் உச்சியில், மொட்டை மூடிக் காக்கும் பச்சை நிறப் புல்லிவட்டத்துக்கும் வெளியே, ஒடுங்கிய பச்சை நிறச் செதில்கள் ஐந்து முதல் எட்டு வரை வட்டமாக நிற்பதைக் காணலாம். இவற்றைப் புல்லி இதழ்கள் என்று எழுதிவிடுவது பொதுவான பிழை. இவை புறப்புல்லிவட்டம், இவற்றுக்கு உள்ளே கிண்ணம் போல அடியில் இணைந்து, மேலே ஐந்து பற்களாகப் பிரிந்திருப்பதே புல்லிவட்டம். நடு அச்சின் வழியாக எந்தத் திசையில் வெட்டினாலும் இரு சம பாதிகள் கிடைக்கும் என்பதால், பூ ஆரச்சமச்சீர் உடையது.

படி 4: மொட்டைக் குறுக்கே வெட்டுதல்

இதழமைவை விரிந்த பூவில் தேட வேண்டாம். இதழமைவு என்பது மொட்டு நிலையில் இதழ்கள் ஒன்றையொன்று தொட்டும் தழுவியும் இருக்கும் முறை. முற்றிய மொட்டொன்றை நடுவில் குறுக்கே வெட்டிக் கைவில்லையில் பார்த்தால், புல்லி இதழ்களின் ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தொட்டு மட்டும் நிற்பது தெரியும்: தொடு இதழமைவு. அல்லி இதழ்களோ (புல்லிக்கு உள்ளே உள்ள நிறமுள்ள இதழ்கள்) ஒவ்வொன்றும் ஒரு பக்க ஓரத்தால் அடுத்ததை மூடி, மறுபக்க ஓரத்தில் தான் மூடப்பட்டு, சுழல்போலச் சுருண்டிருக்கும்: திருகு இதழமைவு.

படி 5: பூவைத் திறத்தல்

இப்போது விரிந்த பூவை எடுத்துப் புறப்புல்லியையும் புல்லியையும் ஊசியால் கிழித்து நீக்குங்கள். பின்னர் ஓர் அல்லி இதழை மட்டும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அது தனியே கழன்று வராமல் அடியில் பிடித்துக்கொள்ளும். வலுவாக இழுத்தால் நடுவிலுள்ள மகரந்தத்தாள் குழலும் சேர்ந்து அசையும். ஐந்து இதழ்களும் மேலே தனித்தனியானவை, அடியில் மட்டும் அக்குழலுடன் ஒட்டியவை என்பதை இந்த ஓர் இழுப்பே காட்டிவிடுகிறது.

குழலின் மேற்பகுதியிலிருந்து எண்ணற்ற மகரந்தக்கம்பிகள் நீண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் சிறுநீரக வடிவ மகரந்தப்பை ஒன்று நிற்கும். கம்பிகள் அனைத்தும் இணைந்து ஒரே குழலாகியிருப்பதையே ஒருகற்றை மகரந்தத்தாள்கள் என்கிறோம். 1735இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தபோது, மகரந்தத்தாள்கள் எத்தனை, அவை எப்படி இணைந்துள்ளன என்பவற்றையே முக்கிய அடிப்படையாகக் கொண்டார். அந்த முறை இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் செம்பருத்தி அடங்கும் மால்வேசி குடும்பத்தை அடையாளம் காண இந்தக் குழலே இன்றும் எளிய தடயம்.

குழலை ஊசியால் நெடுக்காகக் கீறினால் உள்ளே பெண் உறுப்பின் மெல்லிய சூல்தண்டு வெளிப்படும். குழலைக் கடந்து மேலே வந்தபின் அது ஐந்தாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவின் நுனியிலும் வெல்வெட் போன்ற சூல்முடி ஒன்றைத் தாங்கியிருக்கும்.

படி 6: சூற்பை

சூல்தண்டைப் பின்தொடர்ந்து கீழே சென்றால் பூத்தளத்தின் மேல், பின்னர் விதைகளாகும் சூல்களைக் கொண்ட சூற்பை அமர்ந்திருக்கும். மற்ற வட்டங்கள் யாவும் அதற்குக் கீழிருந்து புறப்படுவதால் இது மேல்மட்டச் சூற்பை. அதன் நடுப்பகுதியைப் புதிய பிளேடால் ஒரே இழுப்பில் குறுக்கே வெட்ட வேண்டும். அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்தால் சூல்கள் நசுங்கி அறைகள் மறைந்துவிடும். துண்டின் மேல் ஒரு துளி நீர் விட்டுப் பார்த்தால் ஐந்து அறைகளும், சூல்கள் வெளிச்சுவரில் அன்றி நடு அச்சில் ஒட்டியிருப்பதும் தெரியும். இதுவே அச்சுச் சூல் ஒட்டுமுறை.

படி 7: வரைபடமும் சூத்திரமும்

மலர் வரைபடத்தில் தாய் அச்சை (பூவைத் தாங்கும் தண்டு) மேலே ஒரு புள்ளியாக வைத்து, கண்ட வட்டங்களை வெளியிலிருந்து உள்ளே வரைந்து, நடுவில் சூற்பையின் குறுக்குவெட்டைப் போட வேண்டும். சூத்திரம் அதன் சுருக்கெழுத்து. புறப்புல்லிவட்டம் உண்டு என்று குறித்தபின், ஆரச்சமச்சீருக்கும் இருபால் தன்மைக்கும் உரிய குறிகளோடு இவ்வாறு எழுதலாம்:

⊕ ⚥ பு(5) அ5 ம(∞) சூ(5)

‘பு’ புல்லியையும், ‘அ’ அல்லியையும், ‘ம’ மகரந்தத்தாள்களையும், ‘சூ’ சூலிலைகளையும் (இணைந்து சூற்பையாகும் மாறுபட்ட இலைகள்) குறிக்கின்றன; ∞ என்பது எண்ணற்றவை என்று பொருள்படும். எண்ணைச் சுற்றிய அடைப்புக்குறி, அவ்வட்டத்தின் உறுப்புகள் இணைந்தவை என்பதைக் காட்டுகிறது. அல்லியும் மகரந்தத்தாளும் ஒட்டியிருப்பதற்கு அவ்விரண்டு எழுத்துகளையும் மேலே ஒரு வளைகோட்டால் இணைக்க வேண்டும். மேல்மட்டச் சூற்பைக்குச் ‘சூ’வின் கீழ் ஒரு கோடு இட வேண்டும், இந்தக் கோட்டை மறந்து மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

அடுத்த பயிற்சிக்கு ஊமத்தையைப் பரிந்துரைப்பேன். அதன் சூற்பையின் கீழ்ப்பகுதியை வெட்டினால் நான்கு அறைகள் தெரியும்; அவசரப்பட்டு நான்கு சூலிலைகள் என்று எழுதிவிடத் தோன்றும். சூல்முடியைப் பாருங்கள், அது இரண்டு மடல்களே உடையது. சூலிலைகள் இரண்டுதான், இடையில் வளர்ந்த பொய்த்தடுப்பே அறைகளை நான்காக்கியிருக்கிறது. ஊமத்தையின் எல்லா உறுப்புகளும் நச்சுத்தன்மை கொண்டவை என்பதால், வெட்டி முடித்ததும் பிளேடையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொட வேண்டாம்.