பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இறங்கிப்போன கதவைச் சரிசெய்வது எப்படி?

கதவைச் சாத்தினால் 'டப்' என்று ஒரே சத்தம் வரவேண்டும். 'கடக்... டப்' என்று இரண்டாக வந்தால், முதல் சத்தம் கதவில் இருக்கும் லாக், பின் தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் (லாக் போய்க் கவ்வும் துண்டு) மேல் இடித்து ஏறுகிற சத்தம். கதவு இறங்கிவிட்டது. இந்நேரம் காரில் ஏறுகிறவர்களிடமெல்லாம் "கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நான் முதல்முறை இதைச் சரிசெய்தபோது மகா புத்திசாலித்தனமாக ஸ்ட்ரைக்கரைக் கழற்றிக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டினேன். சத்தம் நின்றது. ஆனால் அதுவரை கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த ஸ்ட்ரைக்கர்தான், அதையும் இறக்கியதும் கதவு இன்னும் தாழ உட்கார்ந்து, இரண்டே வாரத்தில் கீழ் ஓரத்துப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டது. ஆகவே முதல் வேலை, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு கதவு ஏன் இறங்கியது என்று பார்ப்பது.

ஒரு சின்ன கணக்கு. இந்தக் கார்களில் கதவு நீளம், கீல்கள் இரண்டும் கிட்டக்கிட்ட. கதவு ஒரு மீட்டர் நீளம், கீல்களுக்கு நடுவே 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கீலில் 1 மில்லிமீட்டர் தேய்மானம் பின் ஓரத்தில் 3 மில்லிமீட்டருக்குமேல் இறக்கமாகத் தெரியும். திருத்தும்போதும் இதே கணக்குதான், கீலில் துளி நகர்த்தினால் போதும்.

யார் குற்றவாளி?

காரைச் சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க, டயர்களில் சரியான காற்றோடு நிறுத்துங்கள். கதவைப் பாதி திறந்து, பின் ஓரத்தை இரு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். இன்னொருவர் கீல்களைக் கவனிக்கட்டும். கீலின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று ஆடினால், அவற்றைக் கோத்திருக்கும் கீல் பின் (ஊசி), அல்லது அதைச் சுற்றியுள்ள புஷ் (உறை) தேய்ந்திருக்கிறது. கீல் மொத்தமாக முன் தூணிலிருந்து அசைந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது தூணின் தகடே விரிசல் விட்டிருக்கிறது. எதுவும் ஆடவில்லை, ஆனாலும் கதவு கோணலாக நிற்கிறது என்றால் அட்ஜஸ்ட்மென்ட் மட்டும்தான் பாக்கி.

மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு, அதுதான் ஆபத்தானது: பாடி. 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி ரோட்ஸ்டர் மாதிரி கூரையும் தனிச் சேஸியும் இல்லாத கார்களில், கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற 'சில்' என்ற தகட்டுப் பெட்டிதான் முதுகெலும்பு. அது துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்ந்து, கதவு நிற்கும் வாசல் மேல்பக்கம் குறுகிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கதவின் பின் இடைவெளி மேலே ஒடுங்கி, கீழே அகன்று இருப்பது இரண்டு கோளாறுக்குமே பொது. முன் இடைவெளியைப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் முன்பக்கம் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். முன்பக்கம் ஒரே சீராக இருந்து பின்பக்கம் மட்டும் கோணினால் பாடிமேல் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் கதவு இறுகிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம், இது வெல்டிங் வேலை, கீலைத் திருகி ஒரு பயனும் இல்லை. டிரையம்ஃப் டிஆர்6 போலத் தனிச் சேஸிமேல் பாடி உட்கார்ந்திருக்கும் கார் என்றால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் பேக்கிங் தகடுகளை மாற்றியே ஓரளவு சரிசெய்யலாம்.

கழற்றும் முன்

ஸ்ட்ரைக்கரைக் கழற்றிவிடுங்கள், கதவு வாசலைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கையும் உருவிவிடுங்கள். இரண்டும் கதவைத் தள்ளும், தூக்கும், உங்களை ஏமாற்றும். கண்ணாடி, கைப்பிடி எல்லாம் கதவிலேயே இருக்கட்டும். வெறும் கதவை அட்ஜஸ்ட் செய்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினால் அந்த எடைக்கு மறுபடி இறங்கும்.

மட்கார்டு ஓரத்திலும் கதவு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். இடைவெளியை ஐந்தாறு இடங்களில் அளந்து அந்த டேப்பிலேயே எழுதிவிடுங்கள். அளக்க 4 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் வழுவழுப்பான பின்பகுதி போதும். கீலைச் சுற்றி மெல்லிய பென்சிலால் கோடு போடுங்கள், வழி தவறினால் திரும்பி வர இந்தக் கோடுதான் துணை.

ஸ்க்ரூக்களில் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே விட்டுவைத்து, காலையில் சுத்தியலால் அடிக்கும் வகை இம்பாக்ட் டிரைவரால் தளர்த்துங்கள். சாதா ஸ்க்ரூடிரைவரை வைத்து மல்லுக்கட்டினால் தலை மழுங்கும், அப்புறம் அதைத் துளைத்து எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

இனி கதவு

கீல் பின் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், தேய்ந்த பின்னை வைத்துக்கொண்டு செய்யும் அட்ஜஸ்ட்மென்ட் ஒரு மாதம்கூடத் தாங்காது. கீல் பின் சரியாக இருந்தால், கதவின் பின்பாதிக்கு அடியில் ஜாக்கியை வைத்து, மேலே மரக்கட்டை, அதன்மேல் மடித்த துணி. ஜாக்கி தொட்டுக்கொண்டு நின்றால் போதும்.

ஒரு கீலில் மட்டும் ஸ்க்ரூக்களை அரைச் சுற்று தளர்த்துங்கள். முழுசாகக் கழற்றாதீர்கள், பல கார்களில் தூணுக்கு உள்ளே மரையுள்ள தகடு ஒன்று சும்மா மிதந்துகொண்டிருக்கும், ஸ்க்ரூ எல்லாம் வெளியே வந்தால் அது 'கிளிங்' என்று அடியில் விழுந்துவிடும். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். காந்தமும் கம்பியுமாக ஒரு மதியம் போயிற்று.

ஜாக்கியை மெதுவாக ஏற்றி, தேவைக்கு அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்கி இறுக்குங்கள், ஜாக்கியை எடுத்ததும் அந்த அளவு இறங்கும். ஸ்க்ரூ துளையில் நகர இடமில்லையா? கீல், தூணின் பின்னோக்கிய முகத்தில் படிந்து நிற்கும் கார் என்றால், கீழ்க் கீலுக்குப் பின்னால் மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். கீழ்ப்பகுதி பின்னே தள்ளப்பட, பின் ஓரம் தானாக மேலே எழும்பும்.

எப்போதும் பின் இடைவெளியையும் சில் பக்கத்து இடைவெளியையும் முதலில் சரிசெய்யுங்கள், பின்பக்கத் தகடு நகராது. போல்ட் போட்ட முன் மட்கார்டு நகரும், அதைக் கடைசியில் கதவுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். கதவின் முன் ஓரம் மட்கார்டைவிட மயிரிழை உள்ளே இருந்தால் பரவாயில்லை, வெளியே துருத்தினால் ஓடும்போது காற்று இரையும். ஒவ்வொரு முறையும் கதவை விரலால் மெல்லத் தள்ளிச் சாத்திப் பாருங்கள், ஓங்கிச் சாத்தினால் எங்கே உரசுகிறது என்று தெரிவதற்குள் பெயின்ட் போய்விடும்.

ஸ்ட்ரைக்கர் கடைசியில்

லேசான இறுக்கத்தில் மாட்டி, வெளிக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி கதவைச் சாத்துங்கள். லாக் போய் உட்காரும் இடத்துக்கு ஸ்ட்ரைக்கரை நகர்த்தி இறுக்குங்கள். சாத்தும்போது கதவு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பீடிங்கைத் திரும்ப மாட்டுங்கள். புது ரப்பர் என்றால் சில நாள் கதவு இறுக்கமாகத்தான் இருக்கும், அதற்காக ஸ்ட்ரைக்கரை வெளியே தள்ளவேண்டாம்.

இறுக்கி முடித்ததும் கீலைச் சுற்றிப் புதிதாக ஒரு பென்சில் கோடு போட்டு, மேடுபள்ளமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோட்டுக்கும் கீலுக்கும் நடுவே வெளிச்சமாக ஒரு கீற்று தெரிந்தால் ஸ்க்ரூ இறுகவில்லை, ஜாக்கியை மறுபடி எடுங்கள்.