ரோசாலியா வண்டைப் பதிவு செய்ய விரும்புவோருக்கு

ஐரோப்பாவின் பீச் (beech) மரக் காடுகளில் வாழும் ரோசாலியா ஆல்பைனா என்னும் நீளக்கொம்பு வண்டுக்கு 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டினார். சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடிய அழகிய வண்டு என்பதால் பழைய பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஊர்ப் பெயரும் தேதியும் மட்டும் உள்ள பதிவிலிருந்து, அது எந்த மரத்தில் இருந்தது, அம்மரம் வெயிலில் நின்றதா நிழலில் நின்றதா என்பதை அறிய வழியில்லை. ஆகவே ஒரு வட்டாரத்தில் இவ்வினம் வாழ்கிறதா என்று ஆராய்பவர் முதலில் மரத்தைத் தேடிவிட்டு, அதன் பிறகே வண்டைத் தேட வேண்டும்.

தேட வேண்டியது, பட்டுப்போயும் சாயாமல் நிற்கும் முதிர்ந்த பீச் மரம், அல்லது உயிருள்ள மரத்தில் பட்டை உரிந்து காய்ந்துபோன பகுதி. அடர்ந்த காட்டின் குளிர்ந்த நிழலை இவ்வண்டு விரும்புவதில்லை. தெற்கு நோக்கிய சரிவுகள், காட்டின் விளிம்புகள், மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் பகுதிகள் ஆகியவற்றில் வெயில் நேரடியாக விழும் கட்டைகளே இதற்கு ஏற்றவை. சில இடங்களில் எல்ம், மேப்பிள் மரங்களிலும் இது வளர்வதால், பீச் இல்லாத காட்டை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடக் கூடாது.

மரத்தை நெருங்கியதும் பட்டை உதிர்ந்த பரப்பை நிதானமாகப் பாருங்கள். முதிர்ந்த வண்டு வெளியேறிய துளை நீள்வட்டமாக இருக்கும். அதன் நீளவாட்டு மர நார் ஓடும் திசையிலேயே அமைந்திருக்கும். துளையின் உட்புறம் வெளிறியும் விளிம்பு கூர்மையாகவும் இருந்தால் அது அண்மையில் உண்டானது. சாம்பல் நிறமேறி விளிம்பு மழுங்கியிருந்தால் பழையது. அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுப்பது கட்டாயம், ஏனெனில் வேறு வண்டுகளும் துளையிடும். புழு மரத்துக்குள் வழக்கமாக மூன்று ஆண்டுகள் வளர்வதால், ஒரு கோடையில் வண்டே தென்படாவிட்டாலும் அம்மரம் காலியாகிவிட்டது என்று பொருளில்லை.

வண்டையே காண ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலுள்ள நண்பகலில் செல்லுங்கள். மேகமூட்டமான நாளில் காத்திருப்பது பெரும்பாலும் வீண். உடல் 15 முதல் 38 மி.மீ. நீளம், சாம்பல் கலந்த நீல நிறம், அதில் கரும்புள்ளிகள். உணர்கொம்பின் கணுக்களில் கருமயிர்க் கொத்துகள். இவற்றைக் கண்டபின் வேறொன்றாக நினைப்பது கடினம். இறக்கை உறையில் உள்ள புள்ளிகளின் வடிவம் வண்டுக்கு வண்டு வேறுபடுவதால், நேர்மேலிருந்து எடுத்த தெளிவான படம் ஒன்றிருந்தால் அதே வண்டு மறுநாளும் வந்ததா என்று சொல்லிவிடலாம். பிடிக்க வேண்டியதில்லை, பிடிக்கவும் கூடாது: ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிட நெறிமுறை இவ்வினத்துக்குக் கடுமையான பாதுகாப்பு அளிக்கிறது.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது வெட்டி அடுக்கிய பீச் கட்டைகளில்தான். வெயிலில் காயும் கட்டை அடுக்கு வண்டை ஈர்க்கிறது. அது அங்கே முட்டையிட்ட பிறகு கட்டைகள் லாரியில் ஏறிவிட்டால் அந்தத் தலைமுறை அத்தோடு போயிற்று. அவ்வாறு போன கட்டைக்குள்ளிருந்து வண்டு தொலைதூரத்தில் வெளிவந்தால், அந்த ஊர் பொய்யான வாழிடமாக வரைபடத்தில் ஏறிவிடும். எனவே நின்ற மரமா, விழுந்த மரமா, அடுக்கிய கட்டையா என்பதைத் தனியாகக் குறியுங்கள். என் கருத்தில் இந்த ஒரு சொல் இல்லாத பதிவு அரைப் பதிவுதான்.

இடத்தை ஆயத்தொலைவுகளோடு எழுதி, பிழை எத்தனை மீட்டர் என்பதையும் சேருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை அளிக்கும் பரவல் அறிக்கை 10 கி.மீ. கட்டங்களில் அமைவதால், துல்லியமான புள்ளியைப் பின்னர் கட்டத்துக்குள் அடக்கலாம். கட்டத்திலிருந்து மரத்தை மீட்க முடியாது. மரத்தின் இனம், மார்பளவு உயரத்தில் அதன் சுற்றளவு, வெயில் படும் திசை, துளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். ஒன்றும் காணாமல் திரும்பிய நாளில் தேதி, வானிலை, பார்த்த மரங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் போதும்.