அமெரிக்க மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை: பரிந்துரைக் கடிதங்களைப் பெறும் முறை

அமெரிக்காவில் எம்.டி. என்னும் அடிப்படை மருத்துவப் பட்டம் தரும் பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்னும் பொது விண்ணப்ப அமைப்பின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் பொதுவானதாக இருந்தாலும், பரிந்துரைக் கடிதங்களுக்கான விதிகளை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே வகுத்திருக்கிறது. அறிவியல் பேராசிரியர் இருவர், பிற துறைப் பேராசிரியர் ஒருவர் என்பது பரவலாகக் காணப்படும் தேவை. ஆனால் கணிதமோ பொறியியலோ கற்பித்தவரை அறிவியல் பேராசிரியராக ஏற்பதில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு உண்டு. எனவே யாரிடமும் கடிதம் கேட்பதற்கு முன், விண்ணப்பிக்கவிருக்கும் கல்லூரிகளின் விதிகளை ஒரே அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

ஆம்காஸ் மூன்று வகைக் கடிதங்களை ஏற்கிறது: தனிநபர் கடிதம், நீங்கள் இளநிலைப் பட்டம் பயிலும் கல்லூரியின் மருத்துவ வழிகாட்டுக் குழு எழுதும் குழுக் கடிதம், கல்லூரி திரட்டி அனுப்பும் கடிதத் தொகுப்பு. குழுக் கடிதமோ தொகுப்போ, அதனுள் எத்தனை கடிதங்கள் இருந்தாலும், ஒரே பதிவாகவே கணக்கிடப்படும். உங்கள் கல்லூரியில் அத்தகைய குழு இருந்தும் நீங்கள் அதை நாடவில்லையென்றால், சில மருத்துவக் கல்லூரிகள் அதற்குக் காரணம் கேட்கும். மொத்தம் 10 பதிவுகள் வரை இடம் உண்டு என்பதற்காக அத்தனையையும் நிரப்ப வேண்டியதில்லை. முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லும் ஆறாவது கடிதத்தால் விண்ணப்பத்துக்குப் பயன் ஏதும் இல்லை என்றே கருதுகிறேன்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் மாணவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். முன்னூறு பேர் அமர்ந்திருந்த வகுப்பில் பாடம் நடத்திய புகழ்பெற்ற பேராசிரியரால், உங்கள் மதிப்பெண்ணுக்கு அப்பால் அதிகம் எழுத இயலாது. ஓராண்டு உங்கள் ஆய்வகப் பணியை அருகிலிருந்து கண்ட ஆசிரியரோ, ஒரு சோதனை தோற்றபோது நீங்கள் பிழையை எப்படித் தேடிக் கண்டீர்கள் என்பதையும் உடன் பணியாற்றியவர்களிடம் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதையும் எழுத முடியும். பரிந்துரையாளர்களுக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் தரும் வழிகாட்டுதலும், விண்ணப்பதாரருக்காக வாதாடுவதைவிட அவருடைய தகுதியைத் துல்லியமாக மதிப்பிடுமாறே கேட்கிறது. ஆகவே, வலுவான கடிதம் எழுதும் அளவுக்கு உங்களை அறிந்திருக்கிறாரா என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர் தயங்கினால் அதை நேர்மையான பதிலாக ஏற்று, நன்றி கூறி வேறொருவரை அணுகுங்கள். மனத்தாங்கல் கொள்ள அதில் ஒன்றுமில்லை. உறவினர், குடும்ப நண்பர் ஆகியோரின் கடிதங்களைத் தவிர்த்துவிடுங்கள். எம்.டி.க்கு இணையான டி.ஓ. என்னும் மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிப்பவர்கள், டி.ஓ. பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவரின் கடிதம் தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொண்டவருக்குத் தன்விவரக் குறிப்பு, தன்னுரைக் கட்டுரையின் வரைவு, அவர் வகுப்பில் நீங்கள் எழுதிய கட்டுரை அல்லது ஆய்வறிக்கை, கடைசித் தேதி ஆகியவற்றை ஒன்றாகக் கொடுங்கள். பல மாணவர்களைக் கண்டவருக்கு உங்களைப் பற்றிய நுண்விவரங்கள் மறந்திருக்கலாம். ஒரு பக்க நினைவுக் குறிப்பு அவருக்குப் பேருதவியாக இருக்கும். கடிதத்தை நீங்களே எழுதித் தருமாறு யாரேனும் சொன்னால், பணிவாக மறுத்துவிடுங்கள்.

1974ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடும்பக் கல்வி உரிமைகள், தனியுரிமைச் சட்டம் பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை மாணவருக்கு வழங்குகிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதே நல்லது, ஏனெனில் இரகசியமாக எழுதப்பட்ட கடிதத்தையே தேர்வுக் குழுக்கள் கூடுதலாக நம்புகின்றன. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆம்காஸ் தனி அடையாள எண் கொண்ட கோரிக்கைப் படிவத்தை உருவாக்கும். அதைப் பரிந்துரையாளரிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. கடிதம் நிறுவனத்தின் பெயர் பொறித்த தாளில், தேதியும் கையொப்பமும் கொண்டதாக இருக்க வேண்டும் என்பதை அப்போதே நினைவூட்டுங்கள்.

விண்ணப்பம் மே மாதத்தில் திறக்கப்படுவதால், ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. கடிதங்கள் வந்து சேராவிட்டாலும் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம். ஆம்காஸின் சரிபார்ப்புப் பணி அவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஆயினும் பல கல்லூரிகள் கடிதங்கள் கிடைக்கும் வரை உங்கள் கோப்பைப் பரிசீலனைக்கு எடுப்பதில்லை. ஆகவே கடிதம் பெறப்பட்டதா என்பதை விண்ணப்பக் கணக்கில் அவ்வப்போது பாருங்கள். வராதிருந்தால், கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாக ஒரு சிறு நினைவூட்டல் அனுப்புங்கள்; வந்ததும் நன்றி தெரிவித்து, சேர்க்கையின் முடிவையும் மறவாமல் அவருக்கு எழுதுங்கள்.