வீட்டு பயோகேஸ்: வால்வைத் திறந்துவிடுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும்

சமையலறைக் கழிவிலிருந்து கேஸ் எடுக்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தடுக்கி விழுகிறார்கள். ஆரம்பத்தில் நாங்களெல்லாம் விழுந்த அதே இடங்கள். பிளாஸ்டிக் போடாதே, சோப்புத் தண்ணீர் ஊற்றாதே, பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதே என்பதெல்லாம், கழிவை உள்ளே செரிக்கவிட்டு கேஸ் எடுக்கும் கலனோடு வரும் தாளிலேயே அச்சாகியிருக்கும். அவற்றை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. தாளில் இல்லாதவை, அல்லது இருந்தும் யாரும் படிக்காதவை மட்டும்.

முதல் தீ எரியும் முன்பே ஊட்டுவது

கலன் வந்த அன்றே வீட்டிலுள்ள மிச்சம் மீதி எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். உள்ளே போட்டதைத் தின்ன அங்கே இன்னும் யாரும் இல்லை என்பது மறந்துபோகும். முதலில் போக வேண்டியது நுண்ணுயிர்கள்: சம அளவு தண்ணீரில் கரைத்த புதுச் சாணம், அல்லது ஏற்கெனவே நன்றாக கேஸ் தந்துகொண்டிருக்கும் வேறொரு கலனின் ஸ்லரி, அதாவது அதனுள் இருக்கும் கூழ். இரண்டாவது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரம், குளிரில் இன்னும் அதிகம். கேஸ் சேரச் சேர மேலே எழும் மிதக்கும் டிரம்மை முதலில் தூக்கும் வாயு எரியாது. அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடும் கலனுக்குள் ஏற்கெனவே இருந்த காற்றும்தான். அந்த முதல் நிரம்பலை மட்டும் திறந்த வெளியில், நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் வெளியேற்றிவிட வேண்டும். பயோகேஸில் எரியும் பகுதியான மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அது வெடிக்கும் கலவை. ‘எரிகிறதா பார்ப்போம்’ என்று அந்த நேரத்தில் பைப் நுனியில் தீக்குச்சி காட்டுவது விளையாட்டல்ல.

அளவு பார்க்காமல் ஊட்டுவது

உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று உணவை உடைத்து அமிலமாக்கும். மற்றொன்று அந்த அமிலத்திலிருந்து மீத்தேன் எடுக்கும். முதல் கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும், இரண்டாவதற்கு நாள்கணக்கில் ஆகும். ஒரே நாளில் நிறையப் போட்டால் அமிலம் தேங்குகிறது, பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6.5-க்குக் கீழே இறங்குகிறது, மீத்தேன் எடுக்கும் கூட்டம் கையைக் கட்டிக்கொள்கிறது. தின்ன ஆளில்லாததால் அமிலம் இன்னும் ஏறுகிறது.

இதில் புதியவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கலன் புளித்த பிறகும் டிரம் நன்றாக மேலே ஏறும். ‘கேஸ் நிறைய வருது சார், அடுப்புதான் சரியில்லை’ என்பார்கள். அடுப்பு சரியாகத்தான் இருக்கிறது. வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அது எப்படி எரியும்? ஒரு துண்டு பி.எச். தாளை ஸ்லரியில் நனைத்துப் பார்த்தால் போதும். 6.8 முதல் 7.5-க்குள் இருந்தால் நலம்.

புளித்துவிட்டால் ஊட்டுவதை அடியோடு நிறுத்துங்கள். நல்ல கலனின் ஸ்லரி ஒரு வாளி ஊற்றி, ஒன்றிரண்டு வாரம் விட்டுவிடுங்கள். சுண்ணாம்பைக் கொட்டி ஒரே நாளில் சரிக்கட்டப் பார்ப்பது வயிறு சரியில்லாதவருக்கு விருந்து வைக்கிற வேலை. மிகக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி, தாளில் பார்த்து, மறுநாள்தான் அடுத்தது.

கிளறும் வசதி இல்லாத, ஆயிரம் லிட்டர் வீட்டுக் கலனுக்கு நாளொன்றுக்கு 2 அல்லது 3 கிலோ ஈரக்கழிவு போதும். அதுவும் அரை கிலோவில் தொடங்கி, தீ நீலமாக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். குளிர்காலத்தில் அதைப் பாதியாக்குங்கள். இந்த நுண்ணுயிர்கள் 35 டிகிரியை ஒட்டித்தான் சுறுசுறுப்பாக இருக்கும். 15-க்குக் கீழே போனால் ஏறக்குறைய தூக்கம்தான்.

பெரிய கலன் வாங்கினால் நிறைய கேஸ் வரும் என்பது

வராது. ஒரு கிலோ ஈரக்கழிவுக்குச் சுமார் 100 லிட்டர், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் எத்தனை கிலோ மிஞ்சுகிறது என்று ஒரு வாரம் எடை போட்டுவிட்டு வாங்கப் போங்கள்.

மிஞ்சிய கேஸைத் திறந்துவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குக் கலன் பார்க்கப் போயிருந்தேன். அருமையான பராமரிப்பு. ஊட்டும் வாய் சுத்தம், டிரம்மில் பாசி இல்லை, எழுதி வைக்க ஒரு நோட்டு வேறு. பேசிக்கொண்டே போய் வால்வைத் திருப்பி, புஸ்ஸென்று முழு டிரம்மையும் காற்றில் இறக்கிவிட்டார். “என்னங்க இது?” என்றேன். “தினமும் சமைக்க மின் அடுப்புதான் வசதி. இது நிரம்பிடுது, அதான் திறந்துவிடறேன். இயற்கையான வாயுதானே சார், குப்பையில இருந்து வர்றது.” சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றே அந்தக் கலனை வைத்தவர் அவர். அவர் ஒருவர் என்றால் பரவாயில்லை. இதே பதிலை வேறு வேறு வாயிலிருந்து கேட்டுவிட்டேன்.

கணக்கைப் பாருங்கள். பயோகேஸில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன். ஒரு கன மீட்டர் கேஸில் மீத்தேனின் எடை சுமார் 0.4 கிலோ. அதை அடுப்பில் எரித்தால் சிலிண்டர் கேஸ் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகும். அதாவது புதைபடிவ எரிபொருளிலிருந்து வந்திருக்க வேண்டிய 1.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு தவிர்க்கப்படுகிறது. எரியும் பயோகேஸிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும். ஆனால் அது அண்மையில் செடி காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கார்பன், திரும்பப் போகிறது.

எரிக்காமல் விட்டால்? பருவநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையிலான குழுவின் 2021 அறிக்கைப்படி, இப்படி உயிர்ப்பொருளிலிருந்து வரும் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்கு வெப்பப்படுத்தும். அந்த 0.4 கிலோவை 27-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 11 கிலோ. எரித்தால் மிச்சம் 1.3, திறந்துவிட்டால் பற்று 11. ஒரு முறை திறந்துவிட்டதை ஈடுகட்ட அதைப்போல் எட்டு மடங்கு கேஸை ஒழுங்காக எரித்தாக வேண்டும். இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் ஏறக்குறைய 80 மடங்கு. அது காற்றில் சுமார் 12 ஆண்டுதான் தங்கும் என்பதால் அதன் சேட்டையெல்லாம் முன்னாலேயே நடந்துவிடுகிறது.

இன்னொரு விதமாகச் சொன்னால், உற்பத்தியாவதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எரியாமல் போனாலே, சிலிண்டரை மிச்சப்படுத்திய புண்ணியம் முழுக்கக் கரைந்துவிடுகிறது.

‘அந்தக் கழிவு குப்பை மேட்டுக்குப் போயிருந்தாலும் மீத்தேன் வந்திருக்குமே?’ என்று உடனே ஒரு கேள்வி வரும். வந்திருக்கும், ஆனால் முழுதாக அல்ல. மேட்டில் ஒரு பகுதி காற்றுப்பட்டு மட்கும். மூடிய மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மீத்தேனில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். நம் கலனோ முடிந்தவரை அவ்வளவையும், அதுவும் சில வாரங்களிலேயே, மீத்தேனாக்குவதற்கென்றே செய்த கருவி. அதை வைத்து வாயு எடுத்து வெளியே விடுவதற்கு, காற்றோட்டமான ஒரு மட்குக் குழி தோண்டியிருந்தால் எவ்வளவோ மேல்.

சரி, மிஞ்சினால் என்ன செய்வது? முதலில் ஊட்டுவதைக் குறைக்க வேண்டும். உணவுக்கழிவு போட்ட முதல் சில நாட்களிலேயே அதன் கேஸில் பெரும்பகுதி வந்துவிடும். ஆகவே இன்று நிறுத்தினால் சில நாட்களில் டிரம் ஏறுவது தணியும். மிச்சக் கழிவு மட்குத் தொட்டிக்குப் போகட்டும். ஊருக்குப் போகிறீர்களா, நான்கைந்து நாள் முன்பே ஊட்டுவதை நிறுத்துங்கள். பட்டினியால் கலன் சாகாது. வாரக்கணக்கில் தாங்கும், திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம். அப்படியும் நிரம்பினால் அடுப்பில் குளிக்கத் தண்ணீர் காயவையுங்கள். எதுவும் தேவையில்லை என்றால்கூட வெறும் அடுப்பைப் பக்கத்திலேயே நின்று எரித்துத் தீருங்கள். வீணாக எரிப்பது போலத் தோன்றும். வீணாகத் திறந்துவிடுவதைவிட அது பல மடங்கு நல்லது. அடுப்பு இல்லாமல் பைப் நுனியிலேயே கொளுத்துவது மட்டும் வேண்டாம், தீ பின்னோக்கி உள்ளே ஓடலாம்.

இதைப் படித்துவிட்டு அழுத்தம் வெளியேறும் பாதுகாப்பு வழியை யாரும் அடைத்துவிட வேண்டாம். நீர்ப்பூட்டோ (குழாய் நுனியைத் தண்ணீரில் அமிழ்த்திய அமைப்பு) வால்வோ, அது இருந்தே ஆக வேண்டும். அதில் அடிக்கடி குமிழி வருகிறதென்றால் நீங்கள் அதிகம் ஊட்டுகிறீர்கள் என்று பொருள்.

கையால் திறந்துவிடாதவர்களிடமும் இதே இழப்பு சத்தமில்லாமல் நடக்கும். ஒரு தொட்டிக்குள் இன்னொரு டிரம்மைக் கவிழ்த்து மிதக்கவிடும் வகையில், இரண்டுக்கும் நடுவே ஸ்லரி தெரியும் ஒரு வளையம் இருக்கும். அங்கே குனிந்து சற்று நேரம் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டே இருக்கும். அதுவும் கேஸ்தான். தொட்டியின் விட்டம் 100 சென்டிமீட்டர், டிரம்மின் விட்டம் 90 என்று வைத்துக்கொண்டால், பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் அந்த வளையம் மொத்தப் பரப்பில் 19 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு வானம் பார்த்துக் கிடக்கிறது. வாங்கும்போதே இடைவெளி குறைவான அமைப்பையோ, டிரம்மின் விளிம்பு தனித் தண்ணீர்ப் பள்ளத்தில் இறங்கும் அமைப்பையோ கேளுங்கள். விற்பவர்கள் தாங்களாக இதைச் சொல்ல மாட்டார்கள்.

கசிவை மூக்கால் தேடுவது

மீத்தேனுக்கு வாடை கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் அதோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடுடையது. இரும்புத் துருவல் வடிகட்டி வைத்திருந்தால், அதற்கு அப்பால் அந்த நாற்றமும் போய்விடும். கேஸ் கசிந்தாலும் மூக்குக்குத் தெரியாது.

சோப்பு நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். வால்வின் கழுத்து, ஹோஸ் நுழையும் இடம், வெயில் படும் ரப்பர்க் குழாயின் வளைவு. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் குமிழி கிளம்பும். இன்னொரு சோதனையும் இருக்கிறது: வால்வை மூடி டிரம்மில் சாக்பீஸால் ஒரு கோடு, மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு கோடு. வழக்கம்போல ஊட்டியும் டிரம் ஏறவில்லை என்றால் எங்கேயோ போகிறது. மாலையில் குறித்துவிட்டு விடியற்காலையில் பார்த்தால் கணக்குத் தப்பும். குளிரில் வாயு சுருங்குமே.

சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டுவது

சிலிண்டர் கேஸ் எரிய அதன் கன அளவைப்போல் இருபது மடங்குக்கு மேல் காற்று வேண்டும். பயோகேஸுக்கு ஆறு மடங்கு போதும். அழுத்தமும் வெப்பமும் வேறு குறைவு. அதனால் ஜெட்டின், அதாவது கேஸ் பீறிட்டு வரும் முனையின், துளை பெரிதாக வேண்டும், காற்று நுழையும் வாய் சிறிதாக வேண்டும். இந்த இரண்டையும் மாற்றாமல் மாட்டினால் தீ பர்னரைவிட்டு எழும்பி எழும்பி அணையும். அணைந்த பிறகும் வெளியேறுவது எரியாத மீத்தேன் என்பதை இனி நான் சொல்லத் தேவையில்லை.

தீ ‘பக் பக்’ என்று துடித்தால் அது பர்னர் குற்றம் அல்ல, பைப்பில் தண்ணீர் கட்டியிருக்கிறது. பைப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வையுங்கள்.

எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் நார், ஆரஞ்சுத் தோல்

முதல் இரண்டும் அடியில் படியும். நார் மேலே மிதந்து ஏடு கட்டும். தோலிலுள்ள எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. நான்கையும் மட்குக் குழியில் போடுங்கள்.

சுத்தம் செய்ய உள்ளே இறங்குவது

கூடாது. காலியான கலனிலும் கூடாது. விஷ வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால்தான் ஆபத்து. முகத்தில் துணி கட்டிக்கொள்வது எந்தப் பயனும் தராது.

வெளிவரும் ஸ்லரியைக் கேனில் அடைப்பது

நல்ல உரமாயிற்றே என்று மூடியை இறுக்கி வெயிலில் வைக்கிறார்கள். கலனைவிட்டு வெளியே வந்ததும் ஸ்லரி வேலையை நிறுத்திவிடுவதில்லை. அதில் செரிக்காத மிச்சம் இருக்கும் வரை கேஸ் வந்துகொண்டேதான் இருக்கும், கேன் உப்பும், சமயத்தில் வெடித்து மேலெல்லாம் தெறிக்கும். திறந்தே வைத்தால் அந்த மீத்தேன் காற்றுக்குப் போகும். ஆகவே சேர்த்து வைக்காமல் அன்றன்றைக்கு வருவதை இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் கலந்து மண்ணில் ஊற்றிவிடுங்கள். அதிகமாக இருந்தால் காய்ந்த இலைமேல் ஊற்றிக் கிளறிவிடலாம். வாரம் தவறாமல் கேன் உப்பிக்கொண்டே இருக்கிறதா, கழிவு கலனுக்குள் போதிய நாள் தங்கவில்லை. ஊட்டும் அளவையோ அதோடு ஊற்றும் தண்ணீரையோ குறைத்துப் பாருங்கள்.